கல்வராயன்மலைப் பாதைகளுக்கு எந்தப் பழைய ஜீப்?

ஆத்தூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். விடுமுறை நாட்களில் மனைவி, மகனுடன் கல்வராயன்மலை, சித்தேரி, கொல்லிமலை, ஜவ்வாதுமலை என்று உட்கிராமங்களுக்குப் போகும் மண்பாதைகளில் சுற்றிவர ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டும். 1960களின் பெட்ரோல் வில்லிஸ், 1990களின் மகிந்திரா எம்.எம். 540 டீசல், ராணுவ ஏலத்தில் போன மாருதி ஜிப்சி ஆகிய மூன்றும் உங்களுக்கு விலைக்கு வந்திருக்கின்றன. எதை எடுப்பது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேசிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) காகிதங்களும் சரியாக இருந்தால் எம்.எம். 540ஐ எடுங்கள். அது தேறாவிட்டால் ஜிப்சி. வில்லிஸ் எனக்கு உயிர். ஆனாலும் உங்கள் தேவைக்கு அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். பழைய வண்டி மலையில் நிற்கத்தான் செய்யும். நின்ற வண்டியைப் பொழுது சாய்வதற்குள் கிளப்பிவிடக் கூடிய கைகளும் உதிரிப் பாகங்களும் அடிவாரத்து ஊரில் கிடைக்க வேண்டும். குதிரைத் திறன், பெயர், அழகு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வில்லிஸ் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், உங்களிடம் காட்டப்பட்டது அநேகமாக சி.ஜே. 3பி. பானட் உயரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் உலகப் போர்க்கால எம்.பி. ஜீப்பில் இருந்த எஞ்சின் தாழ்வானது. அடுத்து வந்த ஹரிக்கேன் எஞ்சினில் உள்வாங்கும் வால்வுகளை மேலே கொண்டுபோனதால் எஞ்சினின் உயரம் கூடியது. அதற்கு இடம் தரத்தான் பானட்டை உயர்த்தினார்கள். 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர். அமெரிக்காவில் 1953இல் வந்த இந்த மாடலை மகிந்திரா இங்கே பல ஆண்டுகள் தயாரித்தது. எஞ்சின் நல்ல எஞ்சின்தான். ஆனால் சித்திரை வெயிலில், லோ கியரில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) மேடேறும்போது எஞ்சின் சூட்டிலேயே பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். பழைய டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக் காத்திருப்பார்கள். அது போக, இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் டயஃப்ரத்தையும் அது தின்றுவிடும். எல்லாவற்றையும் புதிதாக மாற்றினால் சமாளிக்கலாம். ஆனால் பழைய கார்புரேட்டரைப் புரிந்துகொண்டு கைவைக்கும் மெக்கானிக்குகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள். மூன்றே கியர், முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்கள் உரசாமல் கியர் சேர உதவும் அமைப்பு) கிடையாது. ஓடும் வண்டியில் முதல் கியருக்கு இறக்க கிளட்சை இரண்டு முறை மிதித்து மாற்றும் இரட்டைக் கிளட்ச் பழக வேண்டும். இவ்வளவையும் ஆசையோடு செய்கிறவர்களுக்கு வில்லிஸ் பொக்கிஷம். குடும்பத்தோடு மலைக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டியவருக்கு அது சுமை.

அதோடு, வில்லிஸ் விற்கிறவர்கள் இப்போது ஒரு ஆசை வார்த்தை சொல்கிறார்கள்: "ஐம்பது வருடம் தாண்டிவிட்டது, வின்டேஜ் பதிவு எடுத்துக்கொள்ளலாம்." 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு உண்டு, எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற காரணங்களுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். கருமந்துறைச் சந்தைக்கும் வெள்ளிமலைக்கும் ஓட்டிப் போக நினைக்கிற உங்களுக்கு அந்தப் பதிவு கைவிலங்கு. எந்த வண்டியை எடுத்தாலும் சாதாரணப் பதிவிலேயே வைத்திருங்கள். 15 ஆண்டுகள் கடந்த சொந்த வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். பசுமை வரி தனியாகக் கட்ட வேண்டும்.

இனி எம்.எம். 540. இதில் இருப்பது பெஜோ வழிவந்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின். 2112 சிசி, 62 குதிரைத் திறன். வேகம் எதிர்பார்க்காதீர்கள். நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டரைத் தாண்டினாலே வண்டி அலுத்துக்கொள்ளும், காதும் வலிக்கும். இதன் அருமை மேடேறும்போதுதான் தெரியும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே, கிளட்சை விட்டால் தானாக ஊர்ந்து ஏறும். பம்பும் இன்ஜெக்டரும் முழுக்க இயந்திர வகை. கம்ப்யூட்டர் பெட்டி எதுவும் கிடையாது. டீசல் எஞ்சின் ஓடத் தீப்பொறி தேவையில்லை என்பதால் ஓடையைக் கடக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து நின்றுபோகும் பயமும் இல்லை. சேலம், ஆத்தூர் பக்கம் எந்த டீசல் பம்ப் பட்டறையிலும் இதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். தமிழ்நாட்டு மலையடிவார ஊர்கள் முழுக்க டிரிப் அடித்த எஞ்சின் இது. வில்லிஸின் வீல்பேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 80 அங்குலம், இதற்கு 91. பின்னால் உட்காரும் மகனின் முதுகு அந்தப் பதினோரு அங்குலத்துக்கு நன்றி சொல்லும்.

எம்.எம். 540 வாங்கும்போது பெரும்பாலானவர்கள் ஏமாறுவது முன் அச்சில்தான். இந்த வகை ஜீப்புகளில் டூ வீல் டிரைவாகவே வந்தவை ஏராளம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். குனிந்து முன் சக்கரங்களுக்கு நடுவே பாருங்கள். தடித்த ஹவுசிங்கும் (அச்சின் இரும்பு உறை), ஒரு பக்கமாக ஒதுங்கிய உருண்டையான டிஃபரன்ஷியலும் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் பல்சக்கரப் பெட்டி), சக்கரத்தை ஒட்டிப் பெரிய குமிழ் போன்ற உறையும் இருந்தால் ஃபோர் வீல். வெறும் இரும்புத் தண்டு குறுக்கே போனால் அது டூ வீல். சில வண்டிகளில் ஹவுசிங் இருக்கும், ஆனால் முன் அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். டீசல் மிச்சமாகும் என்று எந்தக் காலத்திலோ கழற்றியது. இன்று அது எங்கே கிடக்கிறது என்று உரிமையாளருக்கே தெரியாது. அப்படிப்பட்ட வண்டியின் முன் டிஃபரன்ஷியல் எண்ணெய் பார்க்காமல் எத்தனை வருடம் கிடந்தது என்பதும் யாருக்கும் தெரியாது.

ஓட்டிப் பார்க்கும்போது தார்ச்சாலையில் ஓட்டிவிட்டு "நன்றாக இழுக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள். தார்ச்சாலையில் ஃபோர் வீலைப் போடவும் கூடாது. இந்த வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடும். மண்ணில் சறுக்கிச் சமன் செய்துகொள்ளும். தாரில் சறுக்க வழியில்லாததால் அந்த முறுக்கம் ஷாஃப்டிலும் பல்சக்கரங்களிலும் ஏறி நிற்கும், லிவர் இறுகிக்கொள்ளும். அப்படி இறுகிய லிவரை இழுத்து உடைக்காமல், வண்டியைப் பத்தடி பின்னால் எடுத்தால் தானாக விடும்.

ஆகவே ஒரு மண் சரிவுக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த வண்டி வேண்டாம். சரிவின் உச்சியில் ஃபோர் வீலைப் போட்டு, லோவைப் போட்டு, முதல் கியரில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்குங்கள். நல்ல டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) வண்டியைக் கையில் பிடித்து இறக்குவது போல இறக்கும். தேய்ந்ததாக இருந்தால் பாதிச் சரிவில் லிவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும். எஞ்சின் பிடி இல்லாமல் வண்டி பாயும். அதற்காக, மிதிக்காவிட்டாலும், உங்கள் கால் பிரேக்குக்கு மேலேயே தயாராக இருக்கட்டும். ஒருமுறை துள்ளினாலும் உள்ளே இருக்கும் ஷாஃப்ட், பேரிங், பல்சக்கரம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று பொருள். விலையில் அதைக் கழியுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

இந்த லோ கியரைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய வில்லிஸின் கணக்கையே பாருங்கள். முதல் கியர் 2.8, லோ 2.46, அச்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடும்போது, 16 அங்குல ரிம்மில் பழைய ஜீப் டயர் போட்ட வண்டி மணிக்கு மூன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பக்கத்தில் நடந்து வருகிறவர் வண்டியை முந்திவிடலாம். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறுகிற ஜீப்புகளைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே தேயிலைத் தோட்டம் ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் இருக்கிறது. பாதை என்று சொல்வதே மரியாதைக்கு, உருண்டைக் கற்கள்தான். இறங்கும்போது தேர்ந்த டிரைவர்களின் வலது கால் பிரேக்கைத் தேடுவதில்லை. ஒவ்வொரு கல்லின் மேலும் சக்கரம் ஏறி, ஒரு கணம் நின்று, மறுபக்கம் மெல்ல இறங்குகிறது. பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு கல்லோடு சேர்ந்து வண்டியும் சறுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். வண்டி வாங்குவதற்கு முன் ஒருமுறை அங்கே போய், முன் இருக்கையில் உட்கார்ந்து, டிரைவரின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். எந்த மெக்கானிக்கும் சொல்லித்தர முடியாத பாடம் அது.

அடுத்தது சேசிஸ். பளபளவென்று பெயின்ட் அடித்த ஜீப்பைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பட்டி பூசி டிங்கரிங் செய்த பாடி ஓட்டையை மறைக்கும். ஆனால் பாடியில் இருக்கும் ஓட்டையால் யாரும் மலையில் மாட்டிக்கொள்வதில்லை. சேசிஸில் விழும் விரிசல்தான் ஆபத்து. ஒரு சிறு சுத்தியலோடு கீழே படுத்து, கமான் பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு அரித்த இடத்தில் ஒலி செத்துவிடும். சில இடங்களில் துரு செதில் செதிலாக முகத்தில் கொட்டும். ஸ்டீயரிங் பெட்டி சேசிஸில் உட்காரும் இடத்தைத் தனியாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பழைய ஜீப்புகளில் அங்கே முடி அளவு விரிசல் விழுவது வழக்கம். வெல்டிங் வைத்திருந்தால் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தகடு வைத்து ஒழுங்காகச் செய்திருந்தால் பயமில்லை. மேலோடு ஈயம் பூசினது போல இழுத்துவிட்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு முன் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) பேரிங் அல்லது வீல் பேரிங் தேய்ந்திருக்கிறது. மகனை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினால் எது என்று பிரிந்துவிடும்: பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் கிங் பின். இந்தத் தேய்மானம்தான் ஐம்பது, அறுபது வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங்கை வெறிபிடித்தது போல உதற வைக்கும். ஜிப்சிக்கும் இதே வியாதி உண்டு. செலவு பெரிதில்லை, ஆனால் அலட்சியம் கூடாது. மூன்று வண்டிகளுக்கும் முன்னும் பின்னும் கமான் பட்டைதான்; புஷ்களும் ஷேக்கிள்களும் தேய்ந்திருந்தால் உதறல் இன்னும் கூடும்.

எஞ்சினைப் பார்க்கப் போகும் நாளில், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த டீசல் முதலில் வெள்ளைப் புகை விட்டுப் பிறகு தெளிந்தால் சரி. நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஓடும் எஞ்சினில் அங்கிருந்து புஸ் புஸ்ஸென்று காற்று வருகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வந்தால் ரிங் போய்விட்டது. இந்த எஞ்சினுக்குப் பெரிய எதிரி சூடு. ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு ஓடிய வண்டிகளில் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட் வளைந்திருக்கும். வாங்கிய கையோடு ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே குச்சி விட்டுச் சுத்தம் செய்துவிடுங்கள்.

இப்போது ஜிப்சிக்கு வருகிறேன். 1985 கடைசியில் 970 சிசி எஞ்சினோடு வந்தது. 1996இல் 1300 சிசி 'கிங்' வந்தது. 2019 வரை பொதுமக்களுக்கு விற்பனையில் இருந்தது. எடை ஏறக்குறைய ஒரு டன்தான். ஈரச் சேற்றில் எம்.எம். 540 புதைந்து நிற்கும் இடத்தில் ஜிப்சி மேலாகவே மிதந்து போய்விடும். புதைந்தாலும் நான்கு பேர் தள்ளினால் வெளியே வரும். தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர் கேட்டிருந்தால் ஜிப்சியைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். பின் இருக்கை பக்கவாட்டில் எதிரெதிராக இருக்கும். மலைப்பாதையில் அதில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் வயிற்றைப் புரட்டும். சிறிய பெட்ரோல் எஞ்சின் என்பதால் மேட்டில் முறுக்கிக்கொண்டே போக வேண்டும். எடுப்பதாக இருந்தால் கார்புரேட்டர் வைத்த 1300 அல்லது 2000க்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும் வகை) எடுங்கள். 970 சிசி வண்டி ஆட்களோடு மலையேறத் திணறும்.

உங்களிடம் வந்திருக்கும் ஜிப்சி ராணுவ ஏலத்து வண்டி என்பதால் காகிதத்தில் கண் வையுங்கள். ஏலத்தில் எடுத்ததற்கான ஆவணம் இருக்க வேண்டும், அது வழியாக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். வேறொரு வண்டியின் ஆர்.சி.யை வைத்து ஏலத்து வண்டியை ஓட்டுவது, எண்ணை உராய்த்து மறுபடி அடிப்பது எல்லாம் நடக்கிறது. சேசிஸ் எண்ணைச் சுற்றி மட்டும் இரும்பு வழவழப்பாக இருந்தாலோ புதுப் பெயின்ட் தெரிந்தாலோ பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதையொட்டி இன்னொன்று. ஹரியானாவின் மண்டி தப்வாலி போன்ற ஊர்களில் பழைய பாகங்களைச் சேர்த்துப் புத்தம் புதிதாகக் கட்டித்தரும் ஜீப்புகள் படங்களில் கண்ணைப் பறிக்கும். அகன்ற டயர், வேறு கம்பெனி எஞ்சின், உயர்த்திய பாடி. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எஞ்சின் மாற்றமே என்றாலும் முன் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். அப்படி ஏற்றாத வண்டி எஃப்.சி.யில் நிற்கும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் தகராறு வரும்.

லேண்ட் ரோவர், பழைய லேண்ட் குரூசர் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இரண்டும் அருமையான வண்டிகள். இலங்கையில் இன்றும் தோட்டப் பகுதிகளில் பழைய லேண்ட் ரோவர்கள் ஓடுகின்றன. அங்கே அவற்றைப் பார்க்கத் தெரிந்த பட்டறைகளும் இருக்கின்றன. இங்கே ஒரு சீல் வாங்கவும் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வாங்கிய பிறகு முதல் வேலையாக, இருக்கிற எல்லா எண்ணெயையும் மாற்றுங்கள்: எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல். பழைய எண்ணெயை ஒரு தட்டில் பிடித்து வெயிலில் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மினுமினுத்தால் இரும்புத்தூள். பிரேக் சிலிண்டர்களையும் ரப்பர் குழாய்களையும் நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் புதிதாகப் போடுங்கள். மிகப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கர பிரேக்குக்கும் ஒரே குழாய் வழி; ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். டிரம் பிரேக் ஓடைத் தண்ணீரில் நனைந்தால் பிடிக்காது. கரையேறியதும் கொஞ்ச தூரம் இடது காலால் லேசாக மிதித்துக்கொண்டே ஓட்டிக் காயவைக்க வேண்டும். டயர் அகலமாக வேண்டாம், பழைய ஒல்லியான அளவே போதும்; சேற்றை வெட்டிக்கொண்டு அடியிலிருக்கும் கெட்டித் தரையைத் தேடிப் பிடிக்கும்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் குழாய்கள், இரண்டு யூ ஜாயிண்ட், டீசல் ஃபில்டர், கிளட்ச் பிரேக் ரப்பர் கிட், கட்டுக்கம்பி, பத்து லிட்டர் தண்ணீர், மண்வெட்டி, நல்ல கயிறு. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகைத் துண்டு. இது இல்லாமல் சேற்றில் ஜாக்கி தரைக்குள் இறங்குமே தவிர வண்டி ஏறாது.

நீங்கள் சொன்ன மலைகளில் பல பாதைகள் காப்புக்காடு வழியாகப் போகின்றன. சோதனைச் சாவடியில் வண்டி எண்ணைப் பதிந்துவிட்டுப் போங்கள். அனுமதி தேவைப்படும் இடத்தில் வனத்துறையிடம் முன்பே கேளுங்கள். ஃபோர் வீல் இருக்கிறது என்பதற்காகப் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் மண்பாதையில் போனால் உங்கள் டயர் பறித்த தடத்தில்தான் அடுத்த மழைத் தண்ணீர் ஓடும். அந்த வழியாகப் பால் கேனோடு இரு சக்கர வண்டியில் வருகிறவர்கள் அதில்தான் தடுமாறி விழுவார்கள். இரண்டு நாள் காயவிட்டுப் போங்கள்.

எம்.எம். 540ஐப் பார்க்கப் போகும்போது ஆத்தூரிலேயே நம்பிக்கையான ஒரு டீசல் மெக்கானிக்கை உடன் அழைத்துப் போய், அவருடைய அரை நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். முன் அச்சு, சரிவில் லோ கியர், ஸ்டீயரிங் பெட்டி பிராக்கெட், எண்கள் ஆகிய நான்கும் தேறினால் அன்றைக்கே முன்பணம் கொடுக்கலாம். பெயின்ட் மங்கியிருந்தாலும், சீட் கிழிந்திருந்தாலும், தார்ப்பாய் ஒழுகினாலும் பரவாயில்லை.